காற்று வந்த நேரம்

பள்ளி மூடிய மூன்றாம் நாள்
வீட்டில் கத்தரிக்கோலைக் காணவில்லை.
நான்காம் நாள் துணி கிளிப் ஆறு.
கேட்டால் இரண்டும் சேர்ந்து
மின்விசிறியைப் பார்க்கும்.

செலவு வைக்கக் கூடாது என்று
நான்தான் சொல்லியிருந்தேன்,
கோடைப் பயிற்சி நோட்டீஸைத்
திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு:
பதினைந்து நாள், மூவாயிரத்து ஐந்நூறு,
பொருட்கள் தனி.
அந்த நோட்டீஸே
அன்று சாயந்திரம் விசிறியாகிவிட்டது.

பெனிட்டாவுக்குக் கடல் வேண்டும்.
பெரம்பூரில், மூன்றாம் மாடியில்,
கம்பி அடித்த பால்கனியில்.
கடலுக்கு நீலம் வேண்டும்.
நாங்கள் வாங்குவதோ பச்சைப் பாக்கெட்.

கீழ்வீட்டு ஷம்ஷாத் அக்கா நீலம்தான்,
நாளைக்கு மூன்று, டீ ஓயாத வீடு.
ஒப்பந்தம் ஆயிற்று:
ஜெரோம் அவர் மாவு மில் பையைத் தூக்கி வருவான்,
கூலி, காலி கவர்.
எதிர்வீட்டு பூவராகன் சார் ஆரஞ்சு நிறம் நீட்டினார்,
"சூரியனுக்கு வெச்சுக்கம்மா" என்று.
சூரியன் வேண்டாம் அங்கிள் என்று
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.
கத்திரி நடக்கிறது,
அவள் சொன்னதும் சரிதான்.

கழுவிக் கவிழ்த்துக் கொடியில் காயவைத்து
ஒரு வாரம் வீடெல்லாம் புளித்த பால் வாசனை.
மூலை வெட்டிய துணுக்குகளைக்கூட
விடவில்லை. அவை மீன்குஞ்சுகளாம்.
விளக்குமாற்று ஈர்க்கில் பூக்கட்டும் நூலால்
பட்டை பட்டையாக முடிந்து தொங்கவிட்டார்கள்,
எண்ணி இருநூற்றுப் பன்னிரண்டு.

முதல் கடல் ராத்திரியே அறுந்து விழுந்தது.
ஜெரோம் அழவில்லை, அக்காவைத் திட்டினான்.
இரண்டாம் கடலுக்கு
ஒட்டடைக் கொம்பை எடுத்துக்கொண்டார்கள்.
ஒட்டடை இன்னும் அதனதன் இடத்தில்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை.
சொல்லக் கேட்டதுதான்.
பகல் முழுக்க அசையாமல் தொங்கியதாம்
செத்த கடல்.
பிறகு ஓரத்தில் ஒரு பட்டை.
பக்கத்தில் இன்னொன்று.
பிறகு மொத்தமும்,
எண்ணெயில் அப்பளம் விழுந்தாற்போல.
பெனிட்டா ஓடிப்போய்
தேதித் தாளில் கிறுக்கியிருக்கிறாள்:
2.40.

மறுநாள் 2.15.
அதற்கு மறுநாள் 3.05, பக்கத்தில் 'லேட்'.
ஒரு நாள் 'ஆப்சென்ட்'.
அன்று தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்தோம்,
காய்வதற்குள் தூங்கப் பார்த்தோம்.

மருந்துக் கடையில் பில் போடுகிறவள் நான்.
உள்ளே ஏ.சி. உண்டு,
மாத்திரை கெடாமலிருக்க.
வெளியே காற்று திரும்பியதை
கண்ணாடிக் கதவு சொல்லாது.
மூன்று மணி வாக்கில் போன் போட்டுக் கேட்பேன்:
"வந்துச்சா?"
"வந்துச்சும்மா, ரெண்டு அம்பது."
அடுத்த கவுண்டர் எஸ்தர் நிமிர்ந்து பார்ப்பாள்,
"லாரியா? உங்க தெருவுக்கு
இந்த நேரத்துக்கா தண்ணி வருது?"
ஆமாம் என்றுவிடுவேன்.
விளக்கினால் வரிசை நீளும்.

தேதித் தாளைக் கிழிக்க எனக்கு அனுமதியில்லை.
அவர்களே கிழித்து
பால்கனிக் கம்பியில் மாட்டுகிறார்கள்.
ஆறு கிளிப்பும் அங்கேதான் இருக்கின்றன,
ஆளுக்கு நாலு நாளைக் கவ்விக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு.
நானும் போய் உட்கார்ந்தேன்,
தட்டில் சோற்றோடு, நேரில் பார்த்துவிடலாம் என்று.
இரண்டு. இரண்டரை.
கம்பியில் கை வைக்க முடியவில்லை.
கீழே அயர்ன் வண்டிக்காரர்
கரியை விசிறிக்கொண்டிருந்தார்,
அந்தப் புகைகூட நேராகத்தான் ஏறியது.
மூன்று.
ஜெரோம் என் முகத்தைப் பார்த்தான்.
மெல்ல எழுந்துபோய்
கடலுக்குப் பின்னால் நின்று
கன்னம் உப்ப ஊதினான்.
நாலு பட்டை ஆடியது.
"வந்துடுச்சும்மா!"

பேனா மூடியைத் திறக்காமலே
பெனிட்டா சொன்னாள்:
"அது செல்லாது."